வலப்பக்கம் வருபவருக்கே முதல் வழி

அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு. தலைக்காயத்தைத் துண்டால் அழுத்திப் பிடித்தபடி ஒருவரைத் தூக்கி வருகிறார்கள். "எப்படி அடிபட்டது?" என்று பணி மருத்துவர் கேட்கிறார். "பைக்ல இருந்து விழுந்துட்டாருங்க" என்று கூட வந்தவர் பதறியபடி சொல்கிறார். விபத்துப் பதிவேட்டில் அதுவே ஏறுகிறது. நாற்சந்தியில் இடப்பக்கத் தெருவிலிருந்து பாய்ந்து வந்த கார் மோதியதால்தான் அவர் விழுந்தார் என்பது அந்தத் தாளில் எங்கும் இல்லை.

பல மாதங்கள் கழித்து இழப்பீட்டு வழக்கில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் எடுத்து நீட்டுவது அந்த ஒரு வரியைத்தான். "தானாக விழுந்தவருக்கு நாங்கள் ஏன் பணம் தர வேண்டும்?" அதன்பிறகு நடந்ததை நிரூபிக்கக் குடும்பம் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. திரும்பத் திரும்ப நடக்கும் தவறு இது.

2022-ல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான்: 64,105. ஆனாலும் சிக்னலும் போலீஸும் இல்லாத சந்திப்பில் யார் முதலில் போக வேண்டும் என்று கேட்டால், உரிமம் வாங்கிப் பல வருடம் ஆனவர்களே முழிக்கிறார்கள். பெரிய வண்டிக்கு வழி, வேகமாக வருபவருக்கு வழி, முதலில் ஹாரன் அடித்தவருக்கு வழி என்று ஆளுக்கொரு சட்டம் வைத்திருக்கிறார்கள். எழுதப்பட்ட சட்டம் அப்படி இல்லை.

1989-ஆம் ஆண்டு சாலை விதிகளும், அவற்றின் இடத்துக்கு வந்த 2017-ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் சொல்வது எளிமையானது. சந்திப்பை நெருங்கும் ஒவ்வொரு ஓட்டுநரும் வேகத்தைக் குறைக்க வேண்டும். யாருக்கும் ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகே உள்ளே நுழைய வேண்டும். கிளைச் சாலையிலிருந்து பிரதான சாலைக்குள் நுழைபவர், பிரதான சாலையில் போகும் வண்டிகளுக்கு வழிவிட வேண்டும். இரண்டுமே ஒரே தரத்துச் சாலை என்றால், தனக்கு வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். ரவுண்டானாவில், ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கே முன்னுரிமை. சிக்னல் இல்லாத பாதசாரிக் கடவையில் நடந்து கடப்பவருக்கு வழி. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிகளுக்கு எங்கேயும் வழி. மறித்தால் 10,000 ரூபாய் அபராதம்.

ஏன் வலப்பக்கம்? நாம் இடப்பக்கமாக ஓட்டுகிறோம். சந்திப்புக்குள் வண்டியின் மூக்கு நுழைந்ததும் முதலில் குறுக்கிடும் தடம் வலமிருந்து வருபவருடையது. அவரைப் பார்த்து நின்றால் நடுச்சாலையில் மாட்டிக்கொள்ளும் நிலை வராது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வழியுரிமை இருப்பதால் பிரேக்கைத் தொட வேண்டியதில்லை என்று பொருளல்ல. வேகத்தைக் குறைக்கும் கடமை இரு பக்கத்தாருக்கும் உண்டு. அதை மறந்தவர் மீதும் இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தவறின் ஒரு பங்கைச் சுமத்தலாம். அந்த அளவுக்கு இழப்பீடும் வெட்டப்படும்.

ஓட்டுநர்கள் தாங்களாகவே கண்டுபிடித்த ஒரு சைகை இதைவிட ஆபத்தானது. நேராகப் போகிறேன் என்று காட்ட, நாற்சந்தியில் நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். குறுக்குச் சாலையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவது ஒரு பக்க விளக்கு மட்டும்தான். வண்டி தன் பக்கமாகத் திரும்பப் போகிறது என்று நம்பி அவர் கிளம்புகிறார். வண்டி நேராக வந்து இடிக்கிறது. அந்த விளக்கு, பழுதாகி நிற்கும் வண்டிக்கானது. நேராகப் போக எந்த இண்டிகேட்டரும் வேண்டாம். ஹெட்லைட்டை அடிப்பதும் அப்படித்தான்: ஒருவருக்கு "நீ போ", இன்னொருவருக்கு "நான் வருகிறேன், நில்". நம்பிப் போகாதீர்கள்.

விபத்து நடந்துவிட்டால் முதல் வேலை 108. தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குக் கட்டணமில்லை. தூக்கிச் செல்பவர் பயப்பட வேண்டியதும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயர் சொல்லும்படி யாரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

இரண்டாவது வேலை, மருத்துவரிடம் வாய் திறக்கும்போது கவனம். "இந்தச் சந்திப்பில், இந்தச் சாலையிலிருந்து வந்த இந்த எண்ணுள்ள கார் மோதியது" என்று சொல்லுங்கள். எண் தெரியாவிட்டால் "அடையாளம் தெரியாத கார் மோதியது" என்று சொல்லுங்கள். "விழுந்துட்டார்" என்று சொல்லாதீர்கள். என்ன எழுதினார்கள் என்று படித்துக் காட்டச் சொல்வதில் தவறில்லை.

மூன்றாவது, காவல் நிலையம். "கேஸ் எதுக்கு, பேசி முடிச்சிக்கலாம்" என்று ஐயாயிரம் பத்தாயிரத்தைக் கையில் திணிப்பவரிடம் மயங்கினால், மறுநாள் ஸ்கேனில் தெரியும் எலும்பு முறிவுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். புகாரில் சாலையின் பெயர், எந்தத் திசையிலிருந்து யார் வந்தார்கள், எது பிரதான சாலை, நிறுத்தப் பலகையோ கோடோ இருந்ததா, நேரம், விளக்கு, நேரில் பார்த்தவரின் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம். நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம்.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது விபத்து நடந்த இடத்தில் போலீஸ் எழுதும் பார்வை மகஜரையும், வரையும் மாதிரி வரைபடத்தையும்தான். இரண்டு கோடுகள், இரண்டு பெட்டிகள், வடக்கு நோக்கி ஓர் அம்பு. யார் வலப்பக்கம் வந்தார், மோதிய இடம் யார் பாதியில் இருக்கிறது என்பதை அந்தப் படம்தான் சொல்லும். அதை அவசரத்தில் கிறுக்கிவிட்டுப் போகும் அதிகாரிகள் இருக்கிறார்கள். குடும்பத்தில் ஒருவராவது உடனிருந்து பார்க்க வேண்டும். வண்டிகளை நகர்த்தும் முன் நான்கு சாலைகளும் தெரியும்படி செல்பேசியில் படம் எடுங்கள். வரைபடம் மட்டும் போதும் என்றும் இருந்துவிடக் கூடாது. வண்டிகள் நின்ற இடத்தை வைத்து மட்டும் ஒருவரின் அலட்சியத்தை முடிவுசெய்துவிட முடியாது என்று ஜிஜு குருவிளா வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நேரில் பார்த்த சாட்சி வேண்டும். பக்கத்து டீக்கடைக்காரரின் எண்ணை அன்றே வாங்குங்கள். அவர் கடையில் கேமரா இருந்தால், பதிவு அழிவதற்குள் எடுத்து வைக்கும்படி போலீஸுக்கு எழுத்தில் கொடுங்கள்.

காவல்துறைக்கும் கெடு உண்டு. 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை விளக்கும் இரண்டாம் படிவத்தை 10 நாளுக்குள் குடும்பத்திடம் தர வேண்டும். தராவிட்டால் கேளுங்கள், கேட்காதவருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஊரிலோ, மனுதாரர் வசிக்கும் ஊரிலோ உள்ள மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடலாம். 2022 ஏப்ரல் 1 முதல் சட்டம் வைத்திருக்கும் கெடு 6 மாதம். சிகிச்சை முடியட்டும் என்று காத்திருந்து அதைத் தாண்டிவிடாதீர்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. உதவி எண் 15100. பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு இன்னொரு வசதி. இரு ஓட்டுநர்களும் தவறு செய்திருந்தாலும், முழு இழப்பீட்டையும் இருவரில் ஒருவரிடமிருந்தே அவர் வசூலிக்கலாம் என்று கென்யேய் வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மோதிவிட்டு ஓடிய வண்டி கடைசிவரை கிடைக்காவிட்டால், உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் உண்டு. மனுவை அந்தப் பகுதி வருவாய்த் துறை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும்.

அடுத்த விபத்து அதே சந்திப்பில் நடக்கும் வரை ஊர் காத்திருக்க வேண்டியதில்லை. கிளைச் சாலையின் முனையில் ஒரு வேகத்தடை, ஒரு நிறுத்தக் கோடு, தலைகீழ் முக்கோண வழிவிடு பலகை, பார்வையை மறைக்கும் புதரையும் ஃப்ளெக்ஸ் பேனரையும் அகற்றுவது, இவ்வளவுதான் தேவை. யார் பொறுப்பு என்பதில்தான் மனுக்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. மாநில நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளர், ஊராட்சி ஒன்றியச் சாலை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர், நகரத் தெரு என்றால் நகராட்சி அல்லது மாநகராட்சி ஆணையர். எது யாருடையது என்று தெரியாவிட்டால், திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம். சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவரும் அவர்தான். மனுவோடு சந்திப்பின் புகைப்படங்களையும், அங்கு நடந்த விபத்துகளின் குற்ற எண்களையும் இணையுங்கள். மனு எண் எழுதிய ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, எடுத்த நடவடிக்கை என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும்.