கத்தியும் தண்ணீர்த் துருத்தியும்: இபுறாகீம் கதையைப் பெண்ணாடத்திலிருந்து வாசித்தல்

'ஆபிரகாமிய மதங்கள்' என்கிற சொல் இன்று ஒரு வசைச்சொல்லாகவும் புழங்குகிறது. யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'பாலைவனத்திலிருந்து வந்தவை, சகிப்பில்லாதவை, கீழ்ப்படி இல்லாட்டி செத்துப்போ என்பவை' என்று சொல்வதற்கு அது வசதியாக இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் நிறுத்தப்படுவது யாரையும் எதற்கும் வற்புறுத்தாத 'நம்முடைய' மரபு. இந்த எதிர்வைச் சும்மா மறுத்துவிட்டுப் போவதில் பயனில்லை. அந்த ஆபிரகாம் யார், மூன்று மதங்களும் அவர் வாழ்வை எப்படிச் சொல்கின்றன, அதைச் சைவப் பிரதிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும். நான் பெண்ணாடத்துக்காரன். ஒப்பீட்டுக்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை.

1

யூதர்களும் கிறிஸ்தவர்களும் பொதுவாக வைத்திருக்கும் ஆதியாகமத்தில் அவர் கதை தொடர்ச்சியாக வருகிறது. ஊர் என்கிற நகரிலிருந்து தந்தை தேராகுவோடு புறப்பட்டு ஆரானில் தங்குகிறார். எழுபத்தைந்து வயதில் 'உன் தேசத்தை விட்டுப் போ' என்ற கட்டளை. பிள்ளையில்லாத மனைவி சாராள், தன் எகிப்திய அடிமைப்பெண் ஆகாரைக் கணவனுக்குக் கொடுக்கிறாள். 86 வயதில் இஸ்மவேல் பிறக்கிறான். 100 வயதில் சாராளுக்கே ஈசாக்கு பிறக்கிறான். 175 வயதில் மரணம். குர்ஆனில் இதே மனிதர் இபுறாகீம் நபி. கதை ஒரே இடத்தில் இல்லை, பல அத்தியாயங்களில் சிதறிக் கிடக்கிறது. 14ஆம் அத்தியாயத்துக்கு அவர் பெயரே இடப்பட்டிருக்கிறது. அங்கே தந்தையின் பெயர் ஆஸர்.

தமிழுக்கு இந்தக் கதை இரண்டு வழிகளில் வந்தது. தரங்கம்பாடியில் பழைய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கிய சீகன்பால்க் 1719இல் இறந்தார். விட்ட இடத்திலிருந்து சுல்ட்சே முடித்தார். இது ஒரு வழி. இன்னொன்று இஸ்லாமியத் தமிழ்க் காப்பிய மரபு. சேகனாப் புலவர் 1816இல் இபுறாகீம் நபியின் வரலாற்றைத் 'திருமணிமாலை' என்ற காப்பியமாகப் பாடினார். தமிழ் எம்.ஏ. படித்த நமக்கு இந்தப் பெயர் வினாத்தாளில் ஒரு மார்க் கேள்வியாக வந்ததோடு சரி. 'அந்நியர்' என்று சொல்லப்படுகிற ஒருவர் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்க் காப்பியத்தின் தலைவராக இருந்துகொண்டிருக்கிறார் என்பதை இலக்கிய வரலாறு ஒரு வரியில் கடந்துவிடுகிறது.

2

இபுறாகீம் சிலைகளை உடைத்தது பலருக்கும் தெரிந்த கதை. ஆனால் ஆதியாகமத்தில் அது இல்லை. யூதர்களின் மித்ராஷ் விளக்கங்களிலும் குர்ஆனிலும்தான் இருக்கிறது. மித்ராஷில் தந்தை சிலை வியாபாரி. மகனைக் கடையில் உட்கார வைத்துவிட்டுப் போகிறார். வாங்க வந்தவரிடம் மகன் வயது கேட்கிறான். இத்தனை வயதான ஆள், ஒரு நாள் வயதுள்ள பொருளைக் கும்பிடுவதா என்பது அவன் வாதம். பிறகு எல்லாவற்றையும் உடைத்து, பெரிய சிலையின் கையில் தடியைக் கொடுத்துவிடுகிறான். கேட்டால், 'இதுதான் மத்ததையெல்லாம் உடைச்சது' என்கிறான். குர்ஆனிலும் பெரியது மட்டும் மிஞ்சுகிறது. அதையே கேளுங்கள் என்கிறார் இபுறாகீம். அது பேசாதே என்று ஊரார் தாங்களே ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது. தண்டனையாக அவரைத் தீயில் எறிகிறார்கள். தீ குளிர்ந்துவிடுகிறது.

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வாதம் உடனே பிடிபடும். சூளையிலிருந்து இறக்கிய மறுநாள் பொம்மை விலைக்கு வருகிறது, அதற்கடுத்த நாள் மாடத்தில் ஏறுகிறது. 1953இல் பிள்ளையார் சிலைகளை உடைத்த பெரியாரின் வாதமும் இந்தப் பட்டறைத் தர்க்கத்துக்கு ரொம்பத் தூரமில்லை. ஆனால் வேறுபாடு முக்கியமானது. பெரியாரின் கேள்வி எந்த இடத்திலும் நிற்பதில்லை. இபுறாகீமின் கேள்வி ஓரிடத்தில் நின்றுவிடுகிறது.

அந்த இடம் எது? சோதோம் நகரை அழிக்கப்போவதாகக் கடவுள் சொன்னபோது அவர் பேரம் பேசுகிறார். ஐம்பது நல்லவர்கள் இருந்தால் அழிப்பீரா என்று தொடங்கி, நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது என்று இறங்கிப் பத்தில் வந்து நிற்கிறார். லூத்துடைய மக்களுக்காக அவர் வாதாடியதைக் குர்ஆனும் சொல்கிறது. வேறொரு ஊருக்காகக் கடவுளிடமே வழக்காடிய இந்த மனிதர், பெற்ற மகனைப் பலியிடு என்றபோது ஒரு வார்த்தை பேசவில்லை. விடியற்காலையில் எழுந்து விறகு பிளக்கிறார். கீர்க்கெகார்டு 1843இல் எழுதிய 'அச்சமும் நடுக்கமும்' முழுக்க இந்த மௌனத்தைச் சுற்றியே அலைகிறது. அறத்தைத் தாண்டிய விசுவாசம் என்று அவர் அதற்கு விளக்கம் தேடினார். நான் கேட்க நினைப்பது வேறு: பேசாதவர் இபுறாகீம் மட்டும்தானா?

3

ஆதியாகமத்தில் பலிக்குரியவன் ஈசாக்கு. ஆட்டுக்குட்டி எங்கே அப்பா என்று ஒருமுறை கேட்கிறான், அவ்வளவுதான். குர்ஆனில் பலிக்குரிய மகனின் பெயரே இல்லை. அவன் ஈசாக்கு என்று கருதியவர்கள் தொடக்ககால இஸ்லாமிய உரையாசிரியர்களிலும் உண்டு, தபரி அவர்களில் ஒருவர். பின்னால் இஸ்மாயில் என்பதே நிலைத்தது. ஆனால் குர்ஆனில் தந்தை மகனிடம் கனவைச் சொல்லி உன் கருத்து என்ன என்று கேட்கிறார். மகன் சம்மதிக்கிறான். கேட்கப்படாத பிள்ளை இங்கே கேட்கப்பட்ட பிள்ளையாகிறான். சிறிய மாற்றம் போலத் தெரியும். அதிகாரம் பற்றி எழுதுகிறவர்களுக்கு இது சிறியதல்ல.

தாய்? ஈசாக்கின் பலி சொல்லப்படும் 22ஆம் அதிகாரத்தில் சாராள் இல்லவே இல்லை. அடுத்த அதிகாரம் அவள் மரணத்தோடு தொடங்குகிறது. இரண்டையும் முடிச்சுப்போட்டு, செய்தி கேட்டே அவள் இறந்தாள் என்றார்கள் யூத உரைகாரர்கள். அவளைப் புதைத்த எபிரோன் குகையின் மேல் எழுந்த இபுறாகீமி பள்ளிவாசலில்தான், 1994 பிப்ரவரி 25 அன்று, ரமலான் தொழுகையில் இருந்த 29 பாலஸ்தீனியர்களைப் பாரூக் கோல்ட்ஸ்டைன் சுட்டுக் கொன்றான். ஒரே தகப்பனின் கல்லறை என்பதால் மட்டும் யாரும் சகோதரர் ஆகிவிடுவதில்லை.

இன்னொரு தாய் ஆகார், தமிழ் முஸ்லிம்களின் ஹாஜரா. ஆதியாகமத்தில் அவளை அப்பமும் ஒரு தண்ணீர்த் துருத்தியும் கொடுத்துப் பிள்ளையோடு வனாந்தரத்துக்குத் துரத்துகிறார்கள். பவுல் தன் கலாத்தியர் கடிதத்தில் அவளை அடிமைத்தனத்தின் உருவகமாகவே ஆக்கிவிட்டார். இத்தனைக்கும், விவிலியத்தில் கடவுளுக்கு முதன்முதலாகப் பெயர் வைத்தவள் இந்த அடிமைப்பெண்தான், 'என்னைக் காண்கிற கடவுள்' என்று. அமெரிக்கக் கறுப்பினப் பெண் இறையியலாளர் டெலோரஸ் வில்லியம்ஸ் 1993இல் எழுதிய நூல் இவளை மையத்துக்குக் கொண்டுவந்தது.

இஸ்லாம் இவளை வேறு விதமாக நினைவு வைத்தது. தண்ணீர் தீர்ந்து பிள்ளை துடிக்க, ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே அவள் ஏழு முறை ஓடினாள். ஸம்ஸம் ஊற்று பிறந்தது. இன்றும் ஹஜ்ஜுக்குப் போகிற ஒவ்வொருவரும், அரசனானாலும் கூலிக்காரனானாலும், அந்தப் பெண்ணின் காலடியில் ஏழு முறை போய்வர வேண்டும். குர்ஆன் அவள் பெயரைச் சொல்லவில்லை. சடங்கு அவளை விடவில்லை.

4

இப்போது பெண்ணாடம். பெரியபுராணத்தின் கலிக்கம்ப நாயனார் இவ்வூர் வணிகர். அடியார்களுக்குக் கால் கழுவி அமுது படைப்பது அவர் வழக்கம். ஒருநாள் வந்தவர்களில், முன்பு அவர் வீட்டில் ஏவல் செய்து வெறுத்துப் போன ஆள் ஒருவர் அடியார் வேடத்தில் நின்றார். கணவர் கால் கழுவ, நீர் வார்க்க வேண்டிய மனைவி ஒரு கணம் தயங்கினார். கலிக்கம்பர் வாளை உருவி அவர் கையை வெட்டினார். கரகத்தைத் தானே எடுத்துக் கால் கழுவி முடித்தார்.

'நேத்து வரைக்கும் நம்ம வீட்டு வேலைக்காரன்' என்ற அந்தத் தயக்கத்தில் வர்க்க மேட்டிமை உண்டு, மறுப்பதற்கில்லை. வேலைக்காரன் காலைக் கழுவுவதில் ஒரு சமத்துவமும் உண்டு. ஆனால் அந்தச் சமத்துவத்துக்கு விலை கொடுத்தது யாருடைய கை? வணிகருடையதல்ல. சிறுத்தொண்டர் கதையில் கட்டளை இன்னும் நேரடியானது. வந்த பைரவர் பிள்ளைக்கறி கேட்கிறார். தாயும் தந்தையும் சேர்ந்தே சீராளனை அரிகிறார்கள். இபுறாகீமின் கத்தி தடுக்கப்பட்டது, ஆட்டுக்கடா வந்தது. இங்கே வெட்டி, சமைத்து, பரிமாறிய பிறகுதான் பிள்ளை ஓடிவருகிறான். கண்மூடிக் கீழ்ப்படிதல் பாலைவனத்துச் சரக்கு என்பவர்கள் திருச்செங்காட்டங்குடிக்கு ஒருமுறை போய்வரலாம்.

இதனால் 'எல்லா மதமும் ஒண்ணுதான்' என்று நான் சொல்ல வரவில்லை. 'உங்க மதமும் அப்படித்தானே' என்று திருப்பி அடிப்பதும் என் வேலை இல்லை. ஒரு பிரதியின் வன்முறையை அது எந்தத் தேசத்திலிருந்து வந்தது என்று பார்த்து அளக்க முடியாது. யாரைக் கேட்டது, யாரைக் கேட்காமல் விட்டது, அந்த மௌனத்தைப் பின்னால் வந்த மக்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தே அளக்க வேண்டும்.

சேக்கிழாரில் அந்தப் பெண்ணுக்குக் கை திரும்பவில்லை. ஊர்க்கதையில் திரும்புகிறது. பெண்ணாடத்து இறைவனுக்குக் 'கைவழங்கீசர்' என்றே ஒரு பெயர் உண்டு. காவியம் வெட்டியதை ஊர் ஒட்டவைத்திருக்கிறது, குர்ஆன் பெயர் சொல்லாத ஹாஜராவைச் சடங்கு நடந்து நடந்து காப்பாற்றியதைப் போல. ஆனாலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். கை வளர்ந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லியே வெட்டியதை மறக்கவும் முடியும். ஆட்டுக்கடா வந்துவிட்டது என்பதால் கட்டிவைக்கப்பட்ட பிள்ளையின் பயம் இல்லாமல் போய்விடாது. அற்புதம் நடந்த இடத்தில் கதையை முடிப்பது பக்தருக்குச் சரி. விமர்சகனும் களப்பணியாளனும் அதற்கு ஒரு நொடி முன்னால், கை கீழே விழுந்த இடத்தில், தண்ணீர்த் துருத்தி காலியான இடத்தில் நின்று கேட்க வேண்டியிருக்கிறது.