தைராய்டு: எண்ணைக் கண்டு மருளலாமா?

முழு உடல் பரிசோதனை அறிக்கைகளில் அண்மைக்காலமாக 'ஆன்டி டிபிஓ' என்றொரு வரியும் இடம்பெறுகிறது. இயல்பளவு 35-க்குள் என்று குறிப்பிட்டு, அருகில் 600 எனத் தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டு கலங்கி வருவோரை மருத்துவர் என்ற முறையில் அடிக்கடி சந்திக்கிறேன். 'இந்த எண்ணைக் குறைக்க என்ன மருந்து?' என்பதே அவர்களது முதல் கேள்வி.

தைராய்டு சுரப்பி ஹார்மோனை உருவாக்க உதவும் நொதியே டிபிஓ. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், இந்த நொதியையே அந்நியமெனக் கருதி எதிர்ப்பொருள்களை உருவாக்கியிருப்பதை இப்பரிசோதனை காட்டுகிறது. 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ விவரித்த தைராய்டு அழற்சியில் பெரும்பாலும் இது காணப்படும். ஆனால், சுரப்பி தாக்கப்படுவதும் செயலிழப்பதும் ஒன்றல்ல. போதிய ஹார்மோன் சுரக்கிறதா என்பதை டிஎஸ்எச், ஃப்ரீ டி4 பரிசோதனைகளே சொல்லும்.

இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் 20 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வின் முடிவுகள் 1995-இல் வெளியாயின. எதிர்ப்பொருள் மட்டும் இருந்த பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதத்தினருக்கே தைராய்டு குறைபாடு உண்டானது; டிஎஸ்எச்சும் உயர்ந்திருந்தவர்களில் அது சுமார் 4 சதவீதம். ஆகவே, டிஎஸ்எச் இயல்பாக உள்ளவர்களுக்குப் பொதுவாக மாத்திரை தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை டிஎஸ்எச் பார்த்தால் போதும். எதிர்ப்பொருளின் அளவை மீண்டும் மீண்டும் சோதிப்பது வீண்செலவு.

சோர்வு, முடி உதிர்தல், உடல் எடை கூடுதல் ஆகியவை தைராய்டு குறைபாட்டின் அறிகுறிகள்தாம். அதற்கு மட்டுமே உரியவை அல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை உள்ளது. டிஎஸ்எச் இயல்பாக இருந்தும் பழியைத் தைராய்டின்மீது போட்டால், ரத்தசோகையும் தூக்கமின்மையும் மனச்சோர்வும் கவனிக்கப்படாமலே போய்விடும். நான் அஞ்சுவது இதற்குத்தான்.

இரு எச்சரிக்கைகள் அவசியம். முடி உதிர்வுக்காக உட்கொள்ளும் பயோட்டின் மாத்திரைகள் தைராய்டு பரிசோதனை முடிவுகளைப் பிறழச் செய்யக்கூடும். மருத்துவரிடம் கூறி, பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். எதிர்ப்பொருள் உள்ள பெண்கள் கருவுற்றால், உடனே டிஎஸ்எச் பார்த்து, கர்ப்பத்தின் முற்பாதியில் சுமார் 4 வாரங்களுக்கு ஒருமுறை கண்காணிக்க வேண்டும். தாயின் ஹார்மோனை நம்பியே சிசுவின் மூளை வளரத் தொடங்குகிறது.

எதிர்ப்பொருள் என்பது விழிப்புடன் இருக்கச் சொல்லும் அறிவிப்பே. சிகிச்சைக்கான கட்டளை அன்று.