அமினோ அமிலங்களும் உடல் வலிமையும்

1865ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 30ஆந் திகதி விடியற்காலையில், சுவிற்சர்லாந்திலுள்ள பிரியன்ஸ் ஏரிக்கரையிலிருந்து இருவர் மலையேறத் தொடங்கினர். ஒருவர் உடற்றொழிலியல் அறிஞர் அடொல்ப் பிக். மற்றவர் இரசாயன அறிஞர் யொகான்னஸ் விஸ்லிசீனஸ். இருவரும் சூரிச் நகரிற் பேராசிரியர்கள். அவர்கள் ஏறிய பவுல்ஹோர்ன் சிகரம் ஏரி மட்டத்திலிருந்து 1,956 மீற்றர் உயரத்தில் உள்ளதென அவர்கள் கணக்கிற் கொண்டனர். முதல் நாள் நண்பகல் தொடக்கம் புரதம் கலந்த உணவு எதனையும் அவர்கள் தொடவில்லை. மாப்பொருளைப் பிசைந்து கொழுப்பிற் பொரித்த பணியாரமும் சர்க்கரையிட்ட தேநீருமே அவர்கட்குப் பெரும்பாலும் ஆகாரம். வழியிற் கழித்த சிறுநீரைக்கூடச் சேர்த்து வைத்துக் கொண்டனர். பேராசிரியர் செய்யும் காரியமா இது என எவரேனும் வியந்திருப்பின் அதிற் குற்றமில்லை.

அக்காலத்தில் இரசாயன உலகின் பேராசானாக விளங்கியவர் ஜெர்மானியரான லீபிக். தசை புரதத்தால் ஆனது. ஆகவே தசை வேலை செய்யும்போது எரிவதும் புரதமே என்பது அவர் கொள்கை. அது மெய்யாயின் புரதத்திலுள்ள நைதரசன் சிறுநீரில் வெளிப்பட்டே ஆகவேண்டும். இருவரும் அதனை அளந்து பார்த்தனர். ஒவ்வொருவர் உடலிலும் எரிந்த புரதம் ஏறத்தாழ 37 கிராம் மாத்திரமே. அவ்வளவு புரதம் எத்துணை வெப்பத்தைத் தரும் என்பதைப் பிக்கின் சகோதரியை மணந்த ஆங்கில விஞ்ஞானி எட்வேட் பிராங்லண்ட் மறு ஆண்டிற் பரிசோதித்தறிந்தார். உடலை மேலே தூக்கிச் சென்ற வேலையிற் பாதியளவுக்கே அது போதுமானது. இதயத்தின் துடிப்பும் மூச்சின் உழைப்பும் வியர்வையோடு வீணாகிய வெப்பமும் இக்கணக்கிற் சேரவில்லை. தசைக்கு விறகு மாப்பொருளும் கொழுப்புமே என்பது இதனால் தெளிவாயிற்று.

லீபிக்கின் கொள்கை ஆய்வுகூடத்தில் வீழ்ந்ததாயினும் கடைத்தெருவில் இன்னும் வீழவில்லை. தேகப்பயிற்சிக் கூடங்களிலும் மருந்துக் கடைகளிலும் அமினோ அமிலத் தூள்கள் பெரும் விலைக்கு விற்கப்படுகின்றன. அவற்றை உட்கொண்டால் வலிமை பெருகுமா, களைப்பு நீங்குமா என்பதே இளைஞர் பலர் வினவும் வினா.

புரதம் ஒரு மாளிகையாயின் அமினோ அமிலங்கள் அதன் கற்கள். நம் உடற் புரதங்கள் 20 வகைக் கற்களால் ஆனவை. அவற்றுள் ஒன்பதை உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது, உணவே தரவேண்டும். இவ்வொன்பதில் இலியூசீன், ஐசோலியூசீன், வலின் என்னும் மூன்றும் தசையில் மிகுதியாகப் பயன்படுவன. விற்பனையாளர் பெரிதும் புகழ்வதும் இம்மூன்றையே. அவர்கள் கூற்று முற்றும் பொய்யன்று. புதிய தசைப் புரதத்தை ஆக்கத் தொடங்குக என்னும் கட்டளையை உயிரணுவுக்கு விடுப்பதில் இலியூசீனுக்குச் சிறப்பான பங்குண்டு. 2017ஆம் ஆண்டு பிரித்தானியாவில் வெளியான ஆய்வொன்றில், பாரம் தூக்கிய பின் இம்மூன்று அமிலங்களையும் சேர்த்து 5.6 கிராம் அருந்திய இளைஞரின் தசைப் புரத ஆக்கம் வெறும் பானம் அருந்தியபோது இருந்ததிலும் 22 வீதம் உயர்ந்திருந்தது.

ஆயினும் கொத்தனுக்குக் கட்டளை மாத்திரம் கிடைத்துக் கல் கிடையாவிடின் சுவர் எழுமா? எஞ்சிய ஆறு அமிலங்களும் வெளியிலிருந்து வாராவிடத்து, உடல் தன் பழைய புரதத்தை உடைத்தே அவற்றைப் பெறவேண்டும். ஒரு சுவரை இடித்து மற்றொன்றைக் கட்டும் வேலை அது. பால் திரிந்தபின் தெளியும் நீரிலுள்ள புரதத்தையோ முட்டையையோ உண்பவர்க்கு ஒன்பது அமிலங்களும் ஒருங்கே கிடைத்தலால் பயன் மிகுகின்றது. மேலும், சில மணி நேரம் புரத ஆக்கம் உயர்ந்தது என்பது வேறு. பல கிழமைகளின் பின் கூடுதலான பாரத்தைத் தூக்க முடிந்தது என்பது வேறு. விளம்பரங்கள் முன்னதைக் காட்டிப் பின்னதை விற்கின்றன.

பின்னதைப் பற்றியும் அளவீடுகள் உள. பாரம் தூக்கும் பயிற்சியோடு புரதத்தையும் மேலதிகமாக உண்டவர்களைப் பற்றிய 49 பரிசோதனைகளை, 1,863 பேரின் பெறுபேறுகளை, 2018இல் ஆய்வாளர் ஒன்றுசேர்த்து நோக்கினர். பயிற்சியால் மாத்திரம் ஒருவர் ஒருமுறை தூக்கக்கூடிய உச்சப் பாரம் ஏறத்தாழ 27 கிலோ உயர்ந்தது. மேலதிக புரதம் அதனோடு கூட்டியது சுமார் இரண்டரைக் கிலோ. உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவிற் புரதம் கிடைத்துவிட்டால், அதற்கு மேல் உண்பது தசையை வளர்க்கவில்லை. இந்நன்மையும் முழுப் புரதத்தால் விளைந்ததேயன்றித் தனித்த அமிலத் தூளினால் விளைந்ததன்று. அரிசியில் இலைசீன் குறைவு, பருப்பில் மெதியோனைன் குறைவு. சோறும் பருப்பும் ஒரே கலத்திற் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகின்றது. அதனோடு ஒரு துண்டு மீனும் சேருமாயின் தூள் டப்பாவுக்கு வேலை மிகக் குறைவே.

களைப்பைப் பற்றிய கதை வேறு. நெடுநேரம் ஓடும்போது திரிப்தோபன் என்னும் அமிலம் மூளையுட் கூடுதலாகப் புகுந்து செரத்தோனினாக மாறிச் சோர்வை உண்டாக்குகின்றது, மேற்கூறிய மூன்று அமிலங்களும் அதன் வழியை மறிக்கும் என்று 1980களில் ஒரு கருத்து எழுந்தது. அழகிய கருத்துத்தான். 1995இல் நெதர்லாந்தில் சைக்கிள் மிதித்த வீரர் பதின்மருக்கு அவ்வமிலங்களையும், வேறு நாளில் திரிப்தோபனையும் கொடுத்துச் சோதித்தனர். எதனை அருந்தினும் அவர்கள் சோர்ந்து நின்ற நேரம் மாறவில்லை.

இக்கூட்டத்தில் மெய்யாகவே பயன்படுவதாகக் காணப்படுவது பீற்றா அலனின். இது புரதத்தை ஆக்கும் அமிலமன்று. தசையிற் காணோசின் என்னும் பொருளைப் பெருக்கி, கடும் முயற்சியில் ஊறும் புளிப்பைத் தணிக்கின்றது. ஒரு நிமிடம் தொடக்கம் நான்கு நிமிடம் வரை நீடிக்கும் போட்டிகளிற் சிறிதளவு நன்மை தரும். அதுவும் சில கிழமைகள் தொடர்ந்து உட்கொண்டால் மாத்திரமே. பெருமளவில் உட்கொள்வோர்க்குத் தோல் ஊசி குத்துவதுபோற் கூசுவதுண்டு.

பயனின்மை மாத்திரமே குறையாயின் நட்டம் பணத்தோடு போய்விடும். 1989இல் அமெரிக்காவில் திரிப்தோபன் குளிகை உண்டவர் 1,500 பேருக்கு மேல் கடும் தசை நோவுக்கு ஆளாயினர். 37 பேர்வரை உயிரிழந்தனர். ஒரே ஆலையில் உற்பத்தியான சரக்கோடு அந்நோய் தொடர்புடையதாயிற்று. 2000ஆம், 2001ஆம் ஆண்டுகளிற் பதின்மூன்று நாடுகளில் வாங்கிய 634 வகைப் போசணைச் சரக்குகளை ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வுகூடம் சோதித்தபோது, அவற்றுள் 94இல், சிட்டையிற் குறிப்பிடப்படாத, ஓமோன் சார்ந்த தடைசெய்யப்பட்ட பொருள்கள் கலந்திருந்தன. போட்டி விதிகளின்படி, அறியாது உண்டேன் என்று வீரர் கூறுவது குற்றத்தை நீக்காது. அவர் சிறுநீரிற் காணப்படும் பொருளுக்கு அவரே பொறுப்பாளி.