பால் நிற மருந்துக்குள் பளிங்குகள்

வெள்ளவத்தைத் தொடர்மாடியாகட்டும், கொட்டாஞ்சேனை ஒழுங்கையாகட்டும், வீட்டில் ஒருவருக்குச் சீனி வருத்தம் வந்துவிட்டால் இன்சுலின் போடும் பொறுப்பு பெரும்பாலும் நம் கைக்கே வருகிறது. பிரிட்ஜில் இருக்கும் அந்தக் குப்பியைக் கவனித்திருப்பீர்கள். சில வகை தண்ணீர்போலத் தெளிந்திருக்கும். சில வகைகளில் அடியில் வெள்ளையாக ஒரு படிவு தங்கி நிற்கும். அது அழுக்கல்ல, மருந்து கெட்டதன் அடையாளமுமல்ல. கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத எண்ணற்ற இன்சுலின் பளிங்குகள்தாம் அவை!

தொழுகையில் ஸஃப் கட்டி நிற்பதுபோல, ஒரு பொருளின் மூலக்கூறுகள் வரிசை பிசகாமல் அடுக்கி நின்றால் அதுவே பளிங்கு. உப்பும் கற்கண்டும் அப்படித்தான். கற்கண்டு செய்வது எப்படி? கெட்டியான சீனிப்பாணியில் நூலைத் தொங்கவிட்டு, அசைக்காமல் ஆறவிடுகிறோம். அவசரப்பட்டுக் கிளறினால் பொடிப்பொடியாகத்தான் உறையும். பொறுத்திருந்தால் பெரிய கட்டிகள் கிடைக்கும்.

புரதங்களைப் பளிங்காக்கும் விஞ்ஞானிகளும் இதே பொறுமையைத்தான் கைக்கொள்கிறார்கள். சுத்தமாக்கிய புரதக் கரைசலில் ஒரு சிறு துளியை எடுத்து, உப்புக் கரைசலுடன் கலந்து, ஒரு கண்ணாடி மூடியின் அடிப்பக்கத்தில் தொங்கவிடுகிறார்கள். கீழே சிறு கிண்ணத்தில் இன்னும் செறிவான உப்புக் கரைசல் இருக்கும். காற்றுப் புகாமல் மூடிவிட்டால், துளியிலுள்ள நீர் மெல்ல மெல்ல ஆவியாகிக் கீழே இறங்கும். துளி தடிக்கத் தடிக்க, நாள்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில் பளிங்கு வளரும். நீர் வேகமாகப் போய்விட்டால் சேறுபோல் படிந்து வேலை வீணாகும். உப்பின் அளவு, புளிப்புத் தன்மை, வெப்பநிலை என ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக மாற்றி, நூற்றுக்கணக்கான துளிகளில் முயல்வார்கள். வளர மறுத்தால், பால் தயிராக உறை ஊற்றுவதுபோல, நொறுக்கிய சிறு பளிங்குகளை விதையாக இடுவதும் உண்டு.

இத்தனை பாடு எதற்கு? நல்ல பளிங்கின்மீது எக்ஸ்-கதிரைச் செலுத்தினால், அது சிதறி விழும் புள்ளிகளைக் கணக்கிட்டு மூலக்கூறின் வடிவத்தை அறியலாம். இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்டில் டொரத்தி ஹொட்ஜ்கின் என்ற பெண் விஞ்ஞானி, மிகச் சிறிய இன்சுலின் பளிங்குகளைக் கரைத்து, பெரிதாக மறுபடி வளர்த்து, 1935இல் அவற்றின் எக்ஸ்-கதிர்ப் படத்தை வெளியிட்டார். முழு வடிவமும் தெரியவந்தது 1969இல்தான். முப்பத்துநான்கு ஆண்டுகள்! இதற்கிடையில், 1964இல், வேறு மூலக்கூறுகளின் வடிவங்களைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசும் அவரைத் தேடி வந்தது. 1969இன் வெற்றியில் பங்குகொண்டவர்களுள் கேரளத்தில் பிறந்த எம். விஜயனும் ஒருவர். பின்னர் அவர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இத்துறையை வளர்த்தார்.

அந்த வடிவம் காட்டிய உண்மை வியப்பானது. ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் துத்தநாக அணுக்களைச் சுற்றி ஒரு குழுவாகக் கைகோத்து நிற்கின்றன. நம் உடலின் சதையியும் இன்சுலினை இப்படிக் குழுவாகக் கட்டி, பளிங்காகவே சேமித்து வைக்கிறது! ஆய்வுகூடத்தில் மனிதர் பாடுபட்டுச் செய்வதை, அல்லாஹ் நம் வயிற்றுக்குள் ஓசையின்றி நடத்துகிறான். ஸுப்ஹானல்லாஹ்!

மூலக்கூறுகள் கைகோக்கும் இடம் தெரிந்ததால், அதைத் தளர்த்தி விரைவில் வேலை செய்யும் இன்சுலினை உருவாக்க முடிந்தது. 1996இல் அது பாவனைக்கு வந்தது. முன்பு மாடு, பன்றி ஆகியவற்றின் சதையியிலிருந்தே இன்சுலின் எடுத்தார்கள். 1982 முதல் பக்டீரியா, மதுவம் போன்ற நுண்ணுயிர்களைக் கொண்டு மனித இன்சுலின் தயாரிக்கப்படுகிறது. நமக்கு இது எத்தனை பெரிய ஆறுதல்!

இனி உங்கள் குப்பிக்கு வருவோம். அந்த வெள்ளைப் பளிங்குகள் தோலுக்கடியில் மெல்லக் கரைவதால்தான் மருந்து மணிக்கணக்கில் வேலை செய்கிறது. கலக்காமல் எடுத்தால் ஒருநாள் மருந்து குறையும், இன்னொருநாள் கூடும். கூடினால் சீனி சடுதியாக இறங்கி மயக்கம் வரலாம். ஆகவே, பால் நிற இன்சுலினை உள்ளங்கைகளுக்கிடையே மெதுவாக உருட்டி, தலைகீழாகத் திருப்பி, ஒரே சீராக வெண்மையானபின் எடுங்கள். பலமாகக் குலுக்காதீர்கள். ஐஸ் பெட்டிக்குள் வைக்கவே வேண்டாம்; உறைந்தால் பளிங்குகள் திரண்டுவிடும், பிறகு உருகினாலும் பயன்படாது. உருட்டியபின்னும் கட்டிகள் மிதந்தாலோ, குப்பியின் சுவரில் பனிபோல் ஒட்டியிருந்தாலோ அதைப் பாவிக்காதீர்கள். தெளிவாக இருக்க வேண்டிய வகை கலங்கியிருந்தாலும் அப்படியே. நோன்பு காலத்தில் அளவையும் நேரத்தையும் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பல்லாண்டுப் பொறுமையில் கிடைத்த மருந்து இது. அதை உருட்டிக் கலக்க உங்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்தச் சிறிது நேரத்தில் உங்கள் உம்மாவின், மாமியின் நலம் இருக்கிறது. நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் ஷிபாவை அருள்வானாக. ஆமீன்.