டிராக்டருக்குச் சேர்க்கும் உறுப்புகள்: உழைப்பிற்கா, அலங்காரத்திற்கா?

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்குச் செல்லும் குடியானவர், கொம்பில் பூசிய வர்ணத்தைக் கண்டு விலை பேசுவதில்லை. பல்லைப் பிடித்து வயதைக் கணிப்பார். நடக்கவிட்டுக் காலைக் கவனிப்பார். கழுத்தைத் தடவி நுகத்தடிப் புண் உண்டா எனச் சோதிப்பார். கொம்பின் வர்ணம் மாட்டுப் பொங்கலுக்கு. குளம்பின் லாடம் ஆண்டு முழுவதற்கும். இவ்வேற்றுமையை நன்கறிந்தவரும், கடன் பெற்று டிராக்டர் வாங்கிய பின் அதை மறந்து பட்டறையில் பெரும் பணம் செலவிடுவதுண்டு. ஆகவே எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கலாகாது என்பதை மிராசுதாரர்கள் ஆராய்தல் நலம்.

டிராக்டருக்குச் சேர்க்கும் உறுப்புகள் மூவகைப்படும். வேலைக்கு உதவுவன ஒரு வகை; பார்வைக்கு மட்டும் ஆவன மற்றொரு வகை; உதவுவன போல் தோன்றிக் கேடு விளைப்பன மூன்றாம் வகை. இவற்றுள் மூன்றாம் வகையைக் குறித்தே மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

முதல் வகைக்கு, ஏரி, கிணற்றுப் பாசனமுள்ள நஞ்சையில் சேறடிக்கப் பொருத்தும் கேஜ் வீல் நல்ல உதாரணம். சேற்றில் ரப்பர் டயர் வழுக்கும்போது இந்த இரும்புச் சக்கரம் பிடிமானம் தருகிறது. புழுதி உழவுக்கோ பின் டயர்களில் தண்ணீர் நிரப்புதலும், எடைக் கட்டிகள் மாட்டுதலும் உதவும். குளிர் நாடுகளில் அத்தண்ணீர் உறையாதிருக்க உப்பு வகை கரைப்பர். நம் நாட்டில் அது வேண்டுவதில்லை.

எடை தேவையா என்பதை வயலிலேயே கண்டறியலாம். பின் டயரில் சுண்ணாம்பினால் ஒரு குறியிட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையில் சக்கரம் 10 சுற்றுச் சுற்றும் தூரத்தை அளக்கவும். பிறகு கலப்பையை இறக்கி உழுதுகொண்டே 10 சுற்றுக்கு அளக்கவும். முன்னது 40 மீட்டரும் பின்னது 35 மீட்டரும் ஆனால், வழுக்கல் நூற்றுக்கு பன்னிரண்டரை. பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் டிராக்டருக்கு நூற்றுக்கு 10 முதல் 15 வரை தக்க அளவாகும். இதற்கு மிகுந்தால் டீசலும் டயரும் வீணாகின்றன. மிகக் குறைந்தால் வண்டியின் எடை அதிகம் என்று அறியலாம். அதிக எடை செம்மண்ணை இறுக்கிவிடும். இறுகிய மண்ணில் வேர்க்கடலையின் விழுது இறங்குவதும் கடினம். அறுவடையில் காய் அறுந்து மண்ணிலேயே தங்குவதும் உண்டு. ஆகையால் உழவு முடிந்ததும் எடையைக் கழற்றுதல் வேண்டும்.

மூன்றாம் வகைக்குப் பட்டறையில் செய்யும் கூரையே முதற் சான்று. வெயிலையும் மழையையும் தடுக்கும் மெல்லிய கூரை, டிராக்டர் கவிழும்போது ஓட்டுபவரைக் காக்காது. அதற்கென வடிவமைத்துச் சோதித்த காப்புச் சட்டகமும், அதனுடன் இடுப்பு வாரும் வேண்டும். சுவீடன் நாட்டில் 1959-ஆம் ஆண்டிலேயே புதிய டிராக்டர்களுக்குக் காப்புச் சட்டகம் கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் அங்கே கவிழ்ந்து மாண்டோர் தொகை பெரிதும் குறைந்தது. இழுவைக் கொக்கியைத் தொழிற்சாலை அமைத்த இடத்தினின்றும் உயர்த்துதல் இன்னும் கொடிது. பாரம் உயரத்திலிருந்து இழுக்கப்பட்டால் முன் சக்கரங்கள் மேலெழும்பி, வண்டி பின்புறமாகக் கவிழக்கூடும். ஓட்டுபவர் குதிக்கவும் அவகாசம் இராது.

கனத்த பம்பர் முன் சக்கரங்களைத் தரையில் அழுத்தும் என்பர். ஓரளவு உண்மையே. எனினும், தொழிற்சாலை தரும் எடைக் கட்டிகளை வேண்டும்போது மாட்டி வேண்டாதபோது கழற்றலாம். பற்றவைத்த பம்பரோ எந்நாளும் முன் அச்சையும் திருகுச் சக்கரத்தையும் வருத்தும். நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் அழகிற்காக டயர் அளவை மாற்றினால், முன் பின் சக்கரங்களின் வேக விகிதம் கெட்டுப் பற்சக்கரங்கள் தேயும். உரத்த பாட்டுப் பெட்டி, இயந்திரத்தில் எழும் வேற்றொலியை ஓட்டுபவர் செவிக்கு எட்டவொட்டாது.

சட்டமும் கவனிக்கத்தக்கது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு மாறுபடுமாறு வண்டியைத் திருத்தலாகாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தருவது, டிரெய்லரின் பின்புறம் ஒட்டும் சிவப்பு ஒளிரும் பட்டையும், எரியும் பின்விளக்குமே. பௌர்ணமி இரவுகளில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நோக்கிப் பல ஊர்களிலிருந்தும் வண்டிகளும் நடந்து செல்வோரும் வருகையில், விளக்கின்றிச் சாலையோரம் நிற்கும் கரும்பு டிரெய்லர் ஒரு குடும்பத்தின் வாழ்வையே அழித்துவிடும். கேஜ் வீலுடன் தார்ச் சாலையில் ஓட்டுவதால் சாலை பாழாவதையும், டிரெய்லரில் ஆட்களை ஏற்றிச் செல்வதன் ஆபத்தையும் கிராம அதிகாரிகள் கிராம சபையில் எடுத்துரைப்பது தகும்.

அலங்காரம் முற்றிலும் ஆகாதென்பதில்லை. ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம் இட்டு மாலை சூட்டுவதால் எவருக்கும் நஷ்டமில்லை. பட்டறைக்குப் பணம் எடுத்துச் செல்லுமுன், ‘இவ்வுறுப்பு உழவை எளிதாக்குமா, டீசலைக் குறைக்குமா, ஓட்டுபவன் உயிரைக் காக்குமா?’ என்று குடியானவர் கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றிற்கும் இல்லையென்பதே விடையாயின், அப்பணம் கடன் தவணைக்கே போவது சிலாக்கியம்.