தப்புக் கணக்கில் ஏறிய பாட்டுகள்!

வாசகர்களுக்கு ஒரு சின்னப் போட்டி. பரிசெல்லாம் கிடையாது!

'எதிர்நீச்சல்' படத்தில் சௌகார் ஜானகி புருஷனை நச்சரிக்கிற பாட்டு. 'வெள்ளி விழா'வில் எல்.ஆர்.ஈஸ்வரி ரகசியம் பேசுகிற மாதிரிப் பாடிய பாட்டு. 'பொம்மலாட்டம்' படத்தில் மனோரமா மெட்ராஸ் பாஷையில் 'வாத்யாரே' என்று கூப்பிடுகிற பாட்டு. மூன்றுக்கும் மியூசிக் யார்?

"இதென்ன பிரமாதம், எம்.எஸ்.வி.!" என்றுதானே சொன்னீர்கள்? போச்சு! மூன்றும் வி.குமார்.

எங்கள் வேப்பூர் கூட்டுரோட்டில் திருச்சி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டீக்கடையில் இதே கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். இருந்த ஐந்து பேரில் நாலு பேர் எம்.எஸ்.வி. என்றார்கள். ஐந்தாவது பெரியவர், "ஏந் தம்பி, கேள்விதான் கேப்பியா, டீ எதனா சொல்லுவியா?" என்றார்.

குமார் சென்னையில் டெலிபோன் இலாகா ஊழியர். வேலை பார்த்துக்கொண்டே நாடகங்களுக்கு இசையமைத்தார். அந்தப் பக்கம் ஏ.ஜி. ஆபீஸில் ஃபைல் பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர் கே.பாலசந்தர். 1965-ல் 'நீர்க்குமிழி' மூலம் டைரக்டரானபோது, பாலசந்தர் தன் நாடக நண்பரையும் கையோடு சினிமாவுக்குக் கூட்டிவந்தார். அந்தப் படத்துக்காக சுரதா எழுதி சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பாட்டு, இன்றைக்கும் எங்கள் பக்கத்துத் துக்க வீடுகளில் மைக்செட் கட்டியதும் கேட்கும். அழுகிறவர்களுக்கு மியூசிக் டைரக்டர் பெயர் எதற்கு, பாவம்!

'மேஜர் சந்திரகாந்த்', 'எதிர்நீச்சல்', 'இரு கோடுகள்', 'அரங்கேற்றம்' என்று வரிசையாக வந்தது. 1969-ல் சிவாஜியின் 'நிறைகுடம்' படத்துக்கும் குமார்தான். இத்தனை செய்தும் ஏன் பெயர் நிற்கவில்லை?

நான் பி.காம். படித்தவன். எங்கள் பாடத்தில் ஒரு வேடிக்கையான பிழை உண்டு. முருகன் கட்டிய பணத்தை முனியன் கணக்கில் வரவு வைத்துவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது! ட்ரையல் பாலன்ஸ் ஜோராக டேலி ஆகும். யாருக்கும் சந்தேகமே வராது. முருகனே வந்து, "என் பணம் எங்கேய்யா?" என்று சண்டை போட்டால்தான் உண்டு.

குமாருக்கு நடந்தது அதுதான். அதே டி.எம்.எஸ்., அதே சுசீலா, அதே வாலி. பாலசந்தரும் 1974-ல் 'அவள் ஒரு தொடர்கதை', அடுத்த வருஷம் 'அபூர்வ ராகங்கள்' என்று எம்.எஸ்.வி.யோடு போய்விட்டார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்து காற்றின் திசையையே மாற்றியது. பழைய பாட்டென்றால் எம்.எஸ்.வி., புதுசென்றால் இளையராஜா என்று நாம் இரண்டே பேரேடு போட்டு முடித்துக்கொண்டோம். நடுவில் இருந்தவருக்குப் பக்கமே ஒதுக்கவில்லை.

விருத்தாசலம் பீங்கான் பொம்மையை வாங்கிவந்து ஷோகேஸில் வைக்கிறோம். செய்தவர் பெயர் அதில் இருக்காது, நமக்கும் தெரியாது. அது நியாயம். குமார் பெயர் டைட்டிலிலேயே இருந்ததே சார்! நாம்தான் அந்த நேரத்தில் முறுக்கு வாங்கப் போயிருந்தோம்.

இன்னொரு விசேஷம் கேளுங்கள். 1972-ல் வந்த அதே 'வெள்ளி விழா'வில் குமாரின் மெட்டில் ஒரு பாட்டைப் பாடியவர் சாட்சாத் எம்.எஸ்.விஸ்வநாதன்! உச்சத்தில் இருந்த ஒரு இசையமைப்பாளர், இன்னொருவர் இசையில் மைக் முன்னால் நின்றார். அது யார் பாட்டு என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. குழப்பமெல்லாம் நமக்குத்தான்.

குமார் 1996-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இனி அவர் வந்து சண்டை போட முடியாது. நாம்தான் பிழைத் திருத்தம் போடவேண்டும். அடுத்த தடவை பஸ்ஸிலோ யூடியூப்பிலோ அந்தப் பாட்டு வந்தால், பக்கத்து சீட்காரருக்குக் கேட்கிற மாதிரி, "மியூசிக் வி.குமாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். காசா, பணமா?

எம்.எஸ்.வி. கணக்கில் இத்தனையும் கழித்தாலும் கவலையில்லை. அவர் அப்போதும் கோடீஸ்வரர்தான்!