உப்புக்காற்றில் ஒரு ஹொட் ரொட்

என் முதலாவது மொறிஸ் மைனரை ஜாக் வைத்துத் தூக்கிய அன்று கார் எழும்பவில்லை. ஜாக்தான் காருக்குள் ஏறியது. கதவுக்குக் கீழே பெயின்ட் மினுங்கிக்கொண்டிருந்த இடம், உள்ளே கறள் தின்றுவிட்டுப் போன வெறும் கோது. அதற்குள் கையிலிருந்த காசு முழுவதையும் எஞ்சினில் கொட்டி முடித்திருந்தேன். பக்கத்தில் நின்ற கிண்ணியா நானா சிரிக்கவில்லை. "எஞ்சின் எங்கயும் எடுக்கலாம் தம்பி. அத வைக்கத் தரை வேணுமே" என்றார்.

இப்போது இரண்டாவது மைனர் உவர்மலை வீட்டு முற்றத்தில் நிற்கிறது. இந்தமுறை ஸ்பானரைத் தொடுமுன் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன்.

பழைய காரை வாங்கி, வேண்டாத பாரத்தைக் கழற்றி, வலுக்கூடிய எஞ்சினைப் பூட்டி ஓடுவதுதான் ஹொட் ரொட். 1930களில் கலிபோர்னியாவின் வற்றிய ஏரித்தரைகளில் இளைஞர்கள் தொடங்கிய விளையாட்டு அது. அவர்கள் பெரிதும் விரும்பியது 1932ஆம் ஆண்டு போர்ட். 65 குதிரைவலுக்கொண்ட வி-8 எஞ்சின் அதில் இருந்தது. பணக்காரனின் பந்தயக் காரைத் தன் கொல்லையில் செய்துகொள்ளும் ஆசைதான் எல்லாவற்றுக்கும் அடி.

எங்களுக்கும் இந்தக் கை புதிதல்ல. 1990களில் பெற்றோல் தடைப்பட்ட யாழ்ப்பாணத்தில் ஒஸ்டின் ஏ-40களும் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிலிருந்து கார்புரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் பீச்சி ஸ்டார்ட் செய்வார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் அதைத் தாங்கியது. வேகத்துக்காக அமெரிக்கன் செய்ததை நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்காகச் செய்தோம்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அந்தக் கால போர்டுக்குச் சேஸி தனி, பொடி தனி. பொடியைக் கழற்றி வைத்துவிட்டும் ஓட்டலாம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வந்த மைனருக்கு அப்படித் தனிச் சேஸி இல்லை, பொடிதான் எலும்பும். தரைத்தகடு உக்கினால் கார் நடுவில் மடியும். அதோடு பிரேக் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழேதான் இருக்கிறது. துறைமுகத்தைச் சுற்றி வாழும் எங்களுக்கு வாடைக்காற்று கொண்டுவரும் உப்பும் ஈரமும் நேரே போய் இருப்பது அந்த இடத்தில்.

ஆகவே கொப்பியின் முதல் பக்கத்தில் எஞ்சின் இல்லை. கைக்காசைப் பத்துப் பங்காக்கினேன். நான்கு பங்கு கறள் வெட்டித் தகடு வைக்க. இரண்டு பங்கு பிரேக்குக்கு. எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் சேர்த்து இரண்டே பங்கு. வயரிங்குக்கு ஒன்று. கடைசிப் பங்கைத் தொடுவதில்லை. கழற்றிய பிறகு தெரியவரும் வியாதிக்கு அது. பெயின்ட் எங்கே என்று கேட்பீர்கள். அடுத்த வருடக் கணக்கில்.

பெரிய எஞ்சினில் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்க் குதங்கள் சீனக்குடாவில் வரிசையாக நிற்க, 2022இல் கியூ.ஆர். காட்டி காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் வாங்கிய ஊர்க்காரன் நான். மைனர் 750 கிலோ அளவுதான். 1962க்குப் பிறகு வந்த 1,098 சீசீ எஞ்சின் கொடுத்தது 48 குதிரைவலு. டட்சன் சன்னியின் 1,171 சீசீ ஏ-12 எஞ்சின் 70க்குக் கிட்டக் கொடுக்கும். உடம்பும் சிறிது, மைனரின் மூக்குக்குள் அடங்கும். ஒரு வகையில் அது சொந்தத்துக்குள் சம்பந்தம்: மைனரின் இந்த எஞ்சின் ஒஸ்டின் வழி வந்தது, டட்சனைச் செய்த நிசானோ 1952இல் ஒஸ்டினோடு உடன்படிக்கை செய்து அதன் கார்களை ஜப்பானில் பொருத்தித்தான் கைபழகியது. எஞ்சினைக் கியர்பொக்ஸோடு சேர்த்தே வாங்க வேண்டும். தாங்கிகளைப் புதிதாகச் செய்யவும் புரொப்பெல்லர் ஷாப்டை அளவுக்கு வெட்டிச் சமன் பார்க்கவும் லேத் வேலை இருக்கிறது.

வலு கூடினால் பிரேக்கும் கூடவேண்டும். மைனருக்கு நான்கு சக்கரத்திலும் டிரம். முன்னுக்கு டிஸ்க் போடுகிறேன். காரைத் தாழப் பதிக்கச் செலவில்லை: முன்பக்கம் டோர்ஷன் பார் என்பதால், அதைக் கழற்றிப் பற்களில் தள்ளிப் பூட்டினால் போதும். கொஞ்சம்தான் பதிக்க வேண்டும். எங்கள் ஒழுங்கைக் குழிகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள சேஸி இலக்கமும் காரில் உள்ளதும் ஒன்றா என்று காசு கொடுக்குமுன் பாருங்கள். எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியவேண்டும். வருடாவருடம் புகைப் பரிசோதனையும் உண்டு. காலமும் பாருங்கள். தகடு வேலையும் பெயின்டும் கச்சான் வீசும் காய்ந்த மாதங்களுக்கு. மாரியில் வெட்டிய தகடு மறுநாளே சிவக்கும்.

போன கிழமை தகடு வேலை முடிந்தது. நானா வந்தார், ஒன்றும் பேசவில்லை. ஜாக்கை எடுத்து நான்கு மூலையிலும் மாறி மாறி வைத்துத் தூக்கினார். நான்கு தரமும் கார் எழும்பியது. நான்கு தரமும் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார், எங்கும் இறுகவில்லை.

"இப்ப எஞ்சினத் தேடுங்க தம்பி" என்றார்.